பல்லாவரத்துக்காரியின் கூந்தல்

என் தலையில் ஒரு முடிகூட இல்லாமல் போன பிறகுதான் எங்கள் ஆஸ்பத்திரிக்கு அந்த மெஷின் வந்தது. கீமோ ஏறும்போது தலையைக் குளிர வைத்து, முடி கொட்டாமல் காப்பாற்றும் மெஷின். முதல் கீமோவிலிருந்தே போட்டால்தான் பலன், பாதியில் போட்டுப் பிரயோஜனமில்லை என்று ஷீலா சிஸ்டர் சொன்னாள். அப்புறம் எதற்கு அதைக் கொண்டுவந்து என் கண்ணெதிரே வைத்தீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஊசி அவள் கையில் இருந்தது.

மெஷினை என் பக்கத்து நாற்காலியோடு சேர்த்து நிறுத்தினார்கள். அதில் வந்து உட்கார்ந்தவள் பேர் வினிதா. பல்லாவரம். கிட்டத்தட்ட என் வயதுதான். நோயும் என் நோய்தான், மார்பில் கட்டி. ஆனால் அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல். கறுகறுவென்று, நெளி நெளியாக, நரை என்று சொல்ல ஒன்றுகூட இல்லாமல். எனக்கு முடி இருந்த காலத்திலேயே இதில் கால்வாசி கிடையாது. கடவுள் எனக்குக் கொடுத்ததே கொஞ்சம், அதையும் பிடுங்கிக்கொண்டார். இவளுக்கு அள்ளிக் கொடுத்து, அதற்குக் காவலுக்கு ஒரு மெஷினையும் அனுப்பியிருக்கிறார்.

பொறாமைதான். வேறு பேர் வைத்து நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது.

சிஸ்டர் அவள் தலையைத் தண்ணீர் தெளித்து நனைப்பாள். முடியை வகிர்ந்து வகிர்ந்து பின்னால் தள்ளி, நெற்றியில் பஞ்சுத் துணி வைத்து, குழாய் ஓடும் தொப்பியை மாட்டுவாள். உச்சந்தலையில் கொஞ்சம்கூட இடைவெளி இருக்கக் கூடாதாம். அதனால் அழுத்தி அழுத்தி, தாடைக்குக் கீழே பட்டையை இழுத்துக் கட்டுவாள். மருந்து ஏறுவதற்கு அரை மணி முன்னால் தொடங்கி, ஏறி முடித்த பிறகும் வெகுநேரம் அந்தத் தொப்பியோடு உட்கார வேண்டும். முதல் பத்து நிமிஷம் தாங்காது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பளிக்குள் நடுங்குவாள். எனக்கு அந்தப் பத்து நிமிஷம் மட்டும் மனசு குளிர்ந்திருக்கும்.

“ரொம்ப வலிக்குதா?” என்று கேட்பேன். வலிக்கிறது என்று அவள் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

“ஐஸ் வெச்சு அறையற மாதிரி இருக்குக்கா. அப்புறம் மரத்துடும். தாங்கிப்பேன். பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம். இது தெரிஞ்சா ஒருத்தனும் வர மாட்டான். அம்மாக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கல்யாணம் முடியிற வரைக்கும் இந்த முடி இருந்தாப் போதும்.”

அது என் நெஞ்சில் எங்கே குத்தியது என்று அவளுக்குத் தெரியாது.

எங்களுக்கு ராஜகீழ்ப்பாக்கம். என் மாமனார் நெல் போட்ட இடத்தில் இப்போது எங்கள் வீடும், வாடகைக்கு விட்ட நாலு போர்ஷனும் நிற்கின்றன. என் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்தின் அக்கா செல்லியம்மாள், சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் மகன் முகிலன் அங்கேயே ஒரு கம்பெனியில் இன்ஜினியர். என் மகள் தேவதர்ஷினி தொட்டிலில் கிடந்தபோதே, “இவ என் மருமவ, வேற எவனும் கண்ணு வெக்கக் கூடாது” என்று சொன்னவள் செல்லியம்மாள். இருபத்து மூன்று வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். என் தலை மொட்டையானதும் அந்தப் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டாள்.

மொட்டையைப் பற்றி முதலில் நான் யாரிடமும் நிஜத்தைச் சொல்லவில்லை. எதிர் வீட்டு கங்கம்மா, “இன்னா கன்னியம்மா, திருப்பதியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “லட்டு எங்கே?” என்றாள். சாயங்காலமே என் வீட்டுக்காரர் கேம்ப் ரோடு ஸ்வீட் கடையில் லட்டு வாங்கி வந்தார். கங்கம்மா ஒரு கடி கடித்துவிட்டு, “பச்சைக் கற்பூர வாசனையே இல்லியே” என்று என் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மறுநாள் தெருவுக்கே தெரிந்தது. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் தெரிந்தது.

செல்லியம்மாள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்து, என் தலையைப் பார்த்து அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “சொந்தத்துல குடுத்து எடுக்கறது ஒடம்புக்கு ஆவாதுன்னு டாக்டருங்க சொல்றாங்கப்பா” என்று தம்பியிடம் பொதுவாகச் சொன்னாள். எனக்குப் புரிந்தது. தர்ஷினிக்கும் புரிந்தது. “அய்யோ அம்மா, அவன் எனக்கு அண்ணன் மாதிரி. தப்பிச்சேன்” என்று அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வேண்டாம் என்று நாம் சொல்வது வேறு, நம்மைப் பார்த்துச் சொல்வது வேறு.

அன்றிலிருந்து என் வீட்டில் நான் ஒரு குடம் தூக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். தர்ஷினி துணி துவைத்தாள். வாடகைக்கு இருப்பவர்கள் மோட்டார் ரிப்பேர் என்றால்கூட என்னிடம் வராமல் அவரைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் பூனை மாதிரி நடந்தார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எனக்கும் வினிதாவுக்கும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரே நாளில்தான் கீமோ. அடுத்த தடவைக்கு முந்தின வாரம் செல்லியம்மாள் மறுபடியும் வந்தாள். கையில் பழம் இல்லை, போன் இருந்தது.

“முகிலனுக்கு ஒரு எடம் குதிர்ந்துடும் போலக் கீது. பல்லாவரம். போய்ப் பொண்ணு பாத்துட்டு வந்தோம். நீ ஒடம்பு முடியாதவ, அதான் கூப்டல” என்று சொல்லிக்கொண்டே போட்டோவை நீட்டினாள்.

நல்ல பெண். சிவப்பு இல்லை, ஆனால் களை. ஓவியா என்று பேர். பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அவள் அம்மா. பின்னி முன்னால் எடுத்துப் போட்ட ஜடை, அதில் கை கொள்ளாத மல்லிகை. தொப்பி இல்லாமல், நடுக்கம் இல்லாமல், சிரித்துக்கொண்டு நிற்கும் வினிதா.

“பொண்ணை விடு, அந்தம்மா முடியைப் பாரு! இந்த வயசுல எவளுக்குக் கீது? ஆரோக்கியமான குடும்பம்னு பாத்தாலே தெரிதுல்ல?” என்றாள் செல்லியம்மாள்.

என் காதெல்லாம் சூடானது. என் மகளிடமிருந்து எடுத்த மாப்பிள்ளையை, என் நோயே உள்ள ஒருத்தியின் மகளுக்குக் கொடுக்கப் போகிறாள். காரணம் அந்த முடி. அந்த மெஷின் ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் நானும் ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றிருப்பேன்.

அவள் போனை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “ஒரே ஒரு டவுட்டு. எங்க தெருக்காரி ஒருத்தி ஸ்கேன் எடுக்க வந்தப்போ, இந்தம்மாவை உன் ஆஸ்பத்திரில, அதுவும் கீமோ வார்டு வாசல்ல பாத்தேன்றா. நீ மாசாமாசம் போறியே, கண்ணுல பட்டுச்சா?”

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும். செல்லியம்மாள் எழுந்து செருப்பை மாட்டுவதற்குள் பல்லாவரத்துச் சம்பந்தம் முறிந்திருக்கும். ஆனால் இவ்வளவு நல்ல வார்த்தையை அவசரப்பட்டுச் செலவழிக்க எனக்கு மனசு வரவில்லை. முதலில் வினிதாவின் முகத்தைப் பார்த்து, உன் முடி என் கையில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு இவளிடம் சொல்லிக்கொள்ளலாம்.

“நான் அங்க மயக்கத்துல கெடப்பேன் அண்ணி. அடுத்த வாட்டி நல்லாப் பாத்துட்டுச் சொல்றேன்” என்றேன்.

கீமோ நாள் வந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் கஞ்சி பிளாஸ்க்கும் தலையணையும் தூக்கிக்கொண்டு வந்து, என்னை உட்கார வைத்து, காலுக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார். வினிதா தாமதமாக வந்தாள். தனியாகத்தான் வந்தாள், ரயிலில். அவள் வீட்டுக்காரரை நான் முதல் தடவைக்குப் பிறகு பார்த்ததே இல்லை. முகம் வெளுத்து, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. முடி மட்டும் அதே முடி.

ஷீலா சிஸ்டர் தண்ணீர் தெளித்து வகிடு எடுத்தவள் நின்றாள். “இன்னாம்மா இது? உச்சில முடி போயிருக்கே. இறுக்கிப் பின்னக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்?”

“பொண்ணு பாக்க வந்தாங்க சிஸ்டர். பூ நிக்கணுமே.”

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு தொப்பியை மாட்டிவிட்டுப் போனாள். வினிதா நடுங்கத் தொடங்கினாள். நான் அந்தப் பத்து நிமிஷமும் காத்திருந்தேன். சொல்ல வேண்டியதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே காத்திருந்தேன். அவள் கண்ணைத் திறந்து என் தலையைப் பார்த்தாள், பிறகு என் காலடியில் இருந்த ஸ்டூலைப் பார்த்தாள், பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

“உங்களைப் பாத்தா பொறாமையா இருக்குக்கா” என்றாள்.

எனக்குக் காது சரியாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. “என்னைப் பாத்தா? இந்த மண்டையைப் பாத்தா?”

“ஆமா. நீங்க தலையைக் காட்டினாப் போதும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. எங்க வீட்ல முதல்ல எல்லாரும் பயந்துதான் போனாங்க. முடி கொட்டலைன்னதும் நான் நல்லா ஆயிட்டேன்னு நெனச்சுட்டாங்க. பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியலையேன்னு அவரே சொல்றார். கீமோ போட்ட மூணாம் நாள் அவங்க பொண்ணு பாக்க வந்தாங்க. கேசரி, பஜ்ஜி எல்லாம் நான்தான் போட்டேன். எண்ணெய்ப் புகை பட்டதும் குமட்டிக்கிட்டு வந்துது. பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுத்துட்டு, மூஞ்சி கழுவிக்கிட்டு வந்து சிரிச்சேன். ஒருநாள் முழுக்கப் படுக்கணும்னு இருக்குக்கா. எழுந்து வான்னு யாரும் கூப்பிடாம ஒரே ஒரு நாள்.”

போட்டோவில் நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

நான் வாய்க்குள் உருட்டி வைத்திருந்தது அங்கேயே கிடந்தது. ஆனாலும் விடவில்லை. “யார் வூட்டுப் பையன்?” என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“சிங்கப்பெருமாள் கோவில். முகிலன்னு பேர்.”

“செல்லியம்மா மகன். அவ என் நாத்தனாரு. உன்னை இங்க பாத்தியான்னு என்னைத்தான் கேட்டா.”

தொப்பிக்குக் கீழே அவள் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் இறங்கியது. “சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

அவள் கம்பளியைப் பிடித்துக்கொண்டாள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தேன். கெஞ்சவில்லை. “மாப்பிள்ளைத் தம்பிக்குத் தெரியும்க்கா. ஓவியா முதல் நாளே அவர்கிட்ட சொல்லிட்டா. மறைச்சுட்டுக் கட்டிக்க மாட்டேன்னு சொல்லிட்டா. அவர் என்ன சொன்னாராம் தெரியுமா? ‘எங்க அத்தைக்கும் இதேதான். மொட்டைத் தலையோட வாசல்ல நின்னு வாடகைக்காரங்களைத் திட்டுவாங்க. இது ஒண்ணும் பயப்படற விஷயம் இல்ல’ன்னாராம். அவங்க அம்மாதான் ஒத்துக்க மாட்டாங்க, கல்யாணம் ஆகட்டும், நானே சொல்லிக்கறேன்னு சொல்லியிருக்கார்.”

அத்தை என்றால் நான். அந்தப் பிள்ளை என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான், சொன்னது பல்லாவரத்தில். இப்படிப்பட்டவனா நம் கையை விட்டுப் போகிறான் என்று புதிதாக ஒரு பொறாமை கிளம்பியது. ஏற்கெனவே இருந்ததோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

அப்போது பார்த்து என் போன் அடித்தது. செல்லியம்மாள். அவளுக்கும் என் கீமோ நாள் தெரியும், என் உடம்பை விசாரிக்க இதுவரை ஒரு தடவைகூட அடித்ததில்லை.

“இன்னா கன்னியம்மா, அந்தம்மா வந்துச்சா?”

“வந்துது அண்ணி. பக்கத்துலதான் உக்காந்துகினு கீது.”

வினிதா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் ருசித்தேன், பொய் சொல்லவில்லை. மறுமுனையில் செல்லியம்மாள் மூச்சை இழுப்பது கேட்டது. என் மகளை வேண்டாமென்று சொல்லாமல் சொன்னபோதும் இப்படித்தான் ஒரு மூச்சு இழுத்தாள். அடுத்து என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். ஓவியாவுக்கும் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு அழுகை. அதோடு சரி.

“எனக்குத் துணைக்கு வந்துகினு கீது” என்றேன்.

“உனக்கா? உனக்கு எப்டி அவங்களைத் தெரியும்?”

“பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைல பழக்கம். போட்டோவுல சட்டுனு அடையாளம் தெரியல, பட்டுப்பொடவை கட்டினு நின்னுது. எனக்கு இப்படின்னு தெரிஞ்சதும், பொம்பளத் தொணை இல்லாம போவாதீங்கக்கான்னு ஒவ்வொரு வாட்டியும் கூடவே வரும். தங்கமான பொம்பள.”

“அய்யோ, இன்னா மனசு! இந்தக் காலத்துல கூடப்பொறந்தவளே வர மாட்டாளே!” என்றாள் செல்லியம்மாள். அவளும் வந்ததில்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. “பேஜாரே இல்ல அப்போ. நாளன்னிக்கே அவங்க வூட்டுக்குப் போய்த் தட்டு மாத்தற தேதியைப் பேசிடறோம்.”

நாளன்றைக்கு என்றால் கீமோவுக்கு மூன்றாம் நாள். மறுபடியும் கேசரி, பஜ்ஜி.

“போவாதீங்க அண்ணி, அது வூட்ல இருக்காது. ஞாயித்துக்கெழம வரைக்கும் எங்க வூட்லதான் தங்குது. என்னைப் பாத்துக்கறதுக்கு.”

போனை வைத்தேன். வினிதா என்னையே பார்த்தாள்.

“இன்னா பாக்கற? உன் பொண்ணுகிட்ட சொல்லி நைட்டி எடுத்தாரச் சொல்லு” என்றேன்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். தர்ஷினி தன் அறையைக் கொடுத்தாள். வினிதா படுத்தவள் படுத்தவள்தான். என் வீட்டுக்காரர் இரண்டு பேருக்கும் கஞ்சி வைத்து, இரண்டு கட்டிலுக்கும் நடந்தார். கங்கம்மா வந்து எட்டிப் பார்த்து, “பாத்துக்க வந்தவ தூங்கறா, நீ முழிச்சிகினு கீற” என்றாள். ராத்திரி முழுக்கக் கண்விழித்தாள் என்று சொல்லி அனுப்பினேன். வினிதாவுக்கு அதற்கும் ஒரு பாராட்டு கிடைத்தது.

தூங்கும்போது அந்த முடி தலையணை முழுக்கப் பரவிக் கட்டிலுக்குக் கீழே தொங்கியது. நான் வாசல்படியில் நின்று பார்ப்பேன். இரக்கம் வந்ததும் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். அது பாட்டுக்கு இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் கேட் சத்தம். ஜன்னலில் பார்த்தால் செல்லியம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்குகிறாள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறு வராது, அவரைப் பின்வாசல் வழியாக பிஸ்கட் வாங்க விரட்டினேன். ஓடிப்போய் வினிதாவை எழுப்பினேன். அவள் பதறி எழுந்து உட்கார்ந்ததும் உச்சந்தலை தெரிந்தது. பழைய எட்டணா அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம். செல்லியம்மாள் கண்ணுக்கு அது தப்பாது.

அலமாரியின் மேல் தட்டில் எட்டி என் சீப்பை எடுத்தேன். பெரிய பல் வைத்த சீப்பு. முடி போன நாளில் தூக்கி மேலே வைத்தது. “அசையாத” என்று சொல்லி, வகிட்டை மாற்றி, பக்கத்து முடியை மெல்ல எடுத்து அந்த வட்டத்தின் மேல் போட்டு வாரினேன். இழுக்காமல், இறுக்காமல், சிஸ்டர் சொன்ன மாதிரி தளரக் கட்டினேன். முதல் தடவையாக அந்த முடியைத் தொடுகிறேன். நினைத்ததைவிட மிருதுவாக இருந்தது. சீப்பில் வந்த முடியைச் சுருட்டி என் முந்தானையில் முடிந்துகொண்டேன். வயிற்றெரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது, அவளுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

செல்லியம்மாள் உள்ளே வந்தபோது நான் கட்டிலில் படுத்திருந்தேன். வினிதா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்துக்கொண்டிருந்தாள் என்றால், விழாமலிருக்க என் காலைப் பற்றிக்கொண்டிருந்தாள்.

“குடுத்து வெச்சவ கன்னியம்மா நீ!” என்றாள் செல்லியம்மாள். “இருங்க சம்பந்தி, எழுந்துக்காதீங்க.”

ஆனால் பழக்கதோஷம் விடுமா? மாப்பிள்ளையின் அம்மா வந்திருக்கிறாள். வினிதா என் காலை விட்டுவிட்டு, “காபி போட்டு எடுத்துட்டு வரேன்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“உக்காரு” என்று அதட்டினேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் என் நாத்தனாரைப் பார்த்து, தலையில் இருந்த துண்டை எடுத்துவிட்டு, என் மொட்டையைத் தடவிக்கொண்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பலவீனமாகச் சொன்னேன். “அண்ணி, மூணு நாளா இது கண்ணே மூடல. உங்க கையால ஒரு வாய் காபி போட்டுக் குடுங்களேன்.”

என் மொட்டைக்கு முன்னால் செல்லியம்மாளால் என்ன சொல்ல முடியும்? புடவையைச் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பையனைப் பெற்றவள், பெண்ணைப் பெற்றவளுக்குக் காபி போடுகிறாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. வினிதா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காபி வந்தது. செல்லியம்மாள் முதல் டம்ளரை ஆற்றி, நுரையோடு, வினிதாவிடம்தான் நீட்டினாள். “குடிங்க சம்பந்தி. பாவம், நோயாளியோட கெடந்து நீங்கதான் எளைச்சுப் போயிட்டீங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.